கரையானும் கணினியும்

கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறிய இடம் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் என்பது மரபு. அவரும் ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய தேவாரப் பதிகங்களோ சிதம்பரத்தில் வேறோர் இடருக்கு உள்ளாயின. தில்லைக் கோயில் அறையொன்றில் பூட்டிக் கிடந்த ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து கண்டபோது, பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது எனத் திருமுறை வரலாறு கூறுகிறது. எஞ்சியவற்றைத் தலைமுறைதோறும் படியெடுத்தவர்கள் காத்தனர்.

படியெடுக்கும் அப்பணி இன்று கணினியில் தொடர்கிறது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலறிஞர் கல்யாணசுந்தரம், 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரை மின்தொகுப்புத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் உதவினர். 2007இல் புதுச்சேரியிலிருந்து கணினித் தேவாரம் வெளிவந்தது. தமிழ் மூலத்தோடு வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில விளக்கத்தையும் சொல்லடைவையும் எஸ்.ஏ.எஸ். சர்மாவும் பிரெஞ்சு அறிஞர் ழான்-லுக் செவியாரும் அதில் இணைத்தனர்.

இப்பணிக்கும் கரையான் உண்டு. கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. முன்னாளில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனி எண்களைக் கொண்டிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் நூல் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே அவ்விடர் நீங்கியது. அம்மாற்றத்தையும் ஒருவர் வரிவரியாகச் சரிபார்த்தாக வேண்டும்.

அவருக்குக் கணினியறிவு மட்டும் போதாது. 'தூண்' என்னும் சொல்லைத் தேடுபவருக்குக் 'கற்றூண்' என்று புணர்ந்து நிற்கும் இடத்தைக் கணினி தானாகக் காட்டாது. கல், தூண் எனப் பிரித்துக் குறிப்பவர் புணர்ச்சி விதி அறிந்தவராதல் வேண்டும். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இராது; மெய்யா, உயிர்மெய்யா என்பதைச் சொல்லறிவும் யாப்பறிவும் கொண்டே துணிதல் வேண்டும். ஆங்கிலம், வடமொழி போன்ற பிறமொழிப் பயிற்சியும் இருப்பின், அயல்நாட்டு ஆய்வாளரும் அந்நூலை அணுக வழி பிறக்கும்.

பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நூலகங்களிலும் இத்தகையோர் ஆய்வாளருக்கும் கணினி வல்லுநருக்கும் இடையே பாலமாக நிற்கின்றனர். நூலின் முகப்பில் அவர்தம் பெயர் இடம்பெறுவது அரிது. ஆயினும், வகுப்பறையில் கற்கும் நன்னூல் நூற்பா அவர்களுக்கு நாள்தோறும் கைக்கருவியாகிறது. இலக்கணமும் கணினியும் ஒருங்கே கற்கும் மாணவருக்கு அப்பணியில் என்றும் இடமுண்டு. இன்னும் திறக்கப்படாத ஏட்டுக்கட்டுகள் பல அவர்களுக்காகக் காத்திருக்கின்றன, கரையான் காத்திருப்பதில்லை.