லயத்து அறையில் மின்கிட்டார்

மாத்தளைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், மேலே தகரம். விடிந்ததும் மலைக்குப் போக வேண்டியவர்கள் அந்தச் சுவருக்கு அப்பால் தூங்குகிறார்கள். அங்கே ஆம்பை அலறவிட்டு முன்னால் மைக் வைக்க முடியாது. அடைமழை பிடித்துவிட்டால் மைக்கில் தகரம்தான் பதிவாகும்.

ஆகவே கிட்டார் வயரை நேரே ஓடியோ இன்டர்ஃபேஸில் செருகி, ஹெட்ஃபோனில் கேட்டு வாசிக்கிறோம். இது இல்லாதவர்களின் வழி என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் 1960களில் டெட்ரொயிட்டின் மோட்டவுன் ஸ்டூடியோவில் கிட்டார் கலைஞர்கள் நேரே மிக்ஸிங் மேசைக்குத்தான் வாசித்தார்கள். 1968இல் வெளிவந்த பீட்டில்ஸின் ‘ரெவல்யூஷன்’ பாடலில் கேட்கும் முரட்டு கிட்டாரும் ஆம்ப் இல்லாமல், மேசையைத் திணறடித்துப் பிறந்ததுதான்.

செருகும் வாய் முக்கியம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருள். 10 கிலோ ஓம் அளவிலான லைன் வாயில் அதைக் கொடுத்தால் ட்ரெபிள் செத்துவிடும். 1 மெகா ஓம் அளவுள்ள கிட்டார் வாய் வேண்டும். பல இன்டர்ஃபேஸ்களில் அதற்கென ஒரு பொத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகும் கணினியின் ஆம்ப் மென்பொருளில் டிஸ்டோர்ஷன் போட்டால் கலைந்த குளவிக்கூடு போல இரைகிறதே என்று தம்பிமார் கேட்பார்கள். குறை அந்த மென்பொருளில் இல்லை. அங்கே ஸ்பீக்கர் இல்லை, அதுதான் காரணம். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே சட்டென்று ஓய்ந்துவிடும். நம் காது மின்கிட்டார் என்று அறிந்திருப்பது அந்த வடிகட்டிய ஓசையை. அதைத் திருப்பிக் கொடுப்பது இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ்: எங்கோ ஓர் அறையில், ஏதோ ஒரு மைக் முன்னே, ஒரு ஸ்பீக்கர் பெட்டி ஒலித்த விதத்தை அடக்கிய சின்னஞ்சிறு ஒலிக்கோப்பு. எந்த ஆம்ப் என்று தேடுவதைவிட எந்தப் பெட்டி என்று தேடுவதில்தான் நான் நேரம் செலவழிக்கிறேன். கேட்பவருக்கு முதலில் புரிவது அந்த வித்தியாசம்தான்.

விரலுக்குத் தாமதம் பிடிக்காது. 48 கிலோஹேர்ட்ஸில் பஃபரை 128 சாம்பிளில் வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெக்கன்; போக வரக் கூட்டினாலும் கை தாங்கும். பழைய லேப்டாப் திணறினால், வாசிக்கும்போது இலேசான ஆம்ப் ஒலியை வைத்துக்கொண்டு, பூச்சில்லாத வெறும் சிக்னலைப் பதிந்து, பிறகு மெருகூட்டலாம். அந்த வெறும் பதிவை நான் ஒருபோதும் அழிப்பதில்லை. நாளைக்கு மாத்தளை டவுனில் நல்ல ஆம்ப் ஒன்று கைக்குக் கிடைத்தால், ரீஆம்ப் பெட்டி வழியாக அதே வாசிப்பை அதற்குள் அனுப்பி மறுபடி பதியலாம்.

சிங்கிள் கொயில் பிக்கப் சுவர் வயர்களின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். உட்கார்ந்திருக்கும் திசையைக் கொஞ்சம் மாற்றினாலே பாதி அடங்கும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய மாதங்களில், லேப்டாப் பேட்டரியில் எடுத்த பதிவுகளில் அந்த இரைச்சலே இல்லை.

ஹெட்ஃபோன் தராத ஒன்று உண்டு: ஸ்பீக்கரின் அதிர்வு திரும்ப வந்து நரம்பை உலுக்கி, சுரத்தை நீட்டி நிறுத்துவது. அதை எந்தக் கோப்பும் எனக்குத் தரவில்லை. அப்படியொரு சுரம் கேட்கும் பாட்டை, எல்லாரும் வேலைக்குப் போன பகலுக்கு வைத்துக்கொள்கிறேன். சின்ன ஆம்ப் ஒன்றே போதும்.