ஜன்னலில் கோட்டை தெரியும் என்று சொன்னேன்

பாரிஸ் டிஸ்னிலாண்டைச் சுற்றியிருக்கும் பார்ட்னர் ஹோட்டல்களை ‘டிஸ்னி ஹோட்டல்’ என்று சொல்லிப் பல வருடங்கள் விற்றிருக்கிறேன். கோவையில் ஒரு டிராவல்ஸில் வேலை பார்த்தபோது ஆரம்பித்த பழக்கம். சொந்தமாக ஆபீஸ் போட்ட பிறகும் அதை விடவில்லை. யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடிந்து அட்வான்ஸ் கைக்கு வந்தது. அதற்காகவே சொன்னேன்.

இதில் அப்படி என்ன தப்பு என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். அங்கே டிஸ்னியின் சொந்த ஹோட்டல்கள் ஏழு. பூங்கா வாசலின் மேலேயே இளஞ்சிவப்பு நிறத்தில் எழுந்து நிற்கிறது டிஸ்னிலாண்ட் ஹோட்டல். ஏரிக்கரையில் நியூயார்க், நியூபோர்ட் பே கிளப், செக்கோயா லாட்ஜ். இன்னும் சற்று நடந்தால் ஷையென், சாண்டா ஃபே. காட்டுக்குள் டேவி கிராக்கெட் ராஞ்ச். எல்லாம் 1992-இல் பூங்காவோடு சேர்ந்து வந்தவை. மைக்கேல் கிரேவ்ஸ், ராபர்ட் ஸ்டெர்ன் போன்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களைக் கூப்பிட்டு, ஒவ்வொரு ஹோட்டலுக்கும் அமெரிக்காவின் ஒரு பகுதியைக் கதையாகக் கொடுத்துக் கட்டினார்கள். பார்ட்னர் ஹோட்டல்கள் வந்த வழி வேறு. 2002-இல் இரண்டாவது பூங்கா திறந்தது. அதை ஒட்டி 2003 வாக்கில் பக்கத்து ஊரான மான்யி-லெ-ஓங்ரில், வால் தெ பிரான்ஸ் என்ற பகுதியில், வேறு நிறுவனங்கள் வரிசையாக ஹோட்டல் கட்டின. பூங்காவோடு ஒப்பந்தம் உண்டு, இலவச பஸ் உண்டு. ஆனால் டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்குக் காலையில் பொதுமக்களுக்கு முன்பே பூங்காவுக்குள் போக அனுமதி உண்டே, அது பார்ட்னர் ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்குக் கிடையாது. மிக்கியும் மின்னியும் அந்த லாபிக்கு வருவதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் என் கொட்டேஷனில் ‘டிஸ்னி தீம் ஹோட்டல், பூங்கா அருகில்’ என்று அடித்தேன். ஹோட்டல் பெயருக்குப் பக்கத்தில் ஹோட்டலின் படத்தைப் போடாமல் தூங்கும் அழகியின் கோட்டைப் படத்தைப் போட்டேன். படத்தையும் பெயரையும் சேர்த்துப் பார்க்கிறவர் என்ன நினைத்துக்கொள்வார் என்று யோசித்து, அப்படி நினைக்கட்டும் என்றே போட்டேன்.

காரணம் பணம். டிஸ்னியின் சொந்த ஹோட்டல் என்றால் அறையும் டிக்கெட்டும் சேர்ந்த விலை அவர்கள் தளத்திலேயே கிடக்கும். வாடிக்கையாளர் ராத்திரி போனைத் திறந்து பார்த்துவிட்டு, காலையில் என்னிடம் கணக்குக் கேட்பார். பார்ட்னர் ஹோட்டல் அறைகள் எனக்கு மொத்த வியாபாரியிடமிருந்து நெட் ரேட்டில் வந்தன. அதன் மேல் எவ்வளவு வைப்பது என்பது என் கையில் இருந்தது. இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த ஹோட்டல்கள் எதிலும் அதுவரை நான் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. ஏஜெண்டுகளுக்கென்று நடத்தும் ஃபாம் டிரிப்பில் கூட்டிக்கொண்டு போய், இரண்டு மாதிரி அறைகளைக் காட்டி, மதியச் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். அதை வைத்துக்கொண்டு, குழந்தைகள் அந்த உலகத்தை விட்டு வெளியே வரவே மாட்டார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் அடித்துச் சொன்னேன்.

திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருந்த ஒருவர் மனைவியோடும் மகளோடும் வந்தார். பாப்பா அப்போது இரண்டாம் வகுப்பு. அவர்களுக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம். விசாவுக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் கொண்டுவந்தபோதே எத்தனை நாள் சேர்த்த பணம் என்று எனக்குப் புரிந்தது. நான் சொன்ன ‘டிஸ்னி ஹோட்டலா’, விலை குறைந்த வேறு ஹோட்டலா என்று அவர் தயங்கிக்கொண்டிருந்தார். பாப்பா மேஜை மேல் இருந்த கோட்டைப் படத்தில் விரலை வைத்துக் கேட்டாள்: “ஆன்ட்டி, ரூம்ல இருந்து இது தெரியுமா?”

“தெரியும் கண்ணு. காலைல எந்திரிச்சா ஜன்னல்ல கோட்டைதான்.”

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அந்த நிமிடமே அட்வான்ஸ் கொடுத்தார்.

டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களிலேயே கோட்டை நேராகத் தெரிவது டிஸ்னிலாண்ட் ஹோட்டலில்தான், அதுவும் பூங்காப் பக்கம் பார்த்த அறைகளில்தான். நான் அவர்களுக்குப் போட்டிருந்ததோ பஸ்ஸில் போய்ச் சேர வேண்டிய ஹோட்டல்.

பாரிஸிலிருந்தே அவர் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. “ரூமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. பாப்பாதான் வந்ததிலிருந்து ஸ்கிரீனை விலக்கி விலக்கிப் பார்த்துட்டே இருக்குறா. பார்க்கிங்கும் ரோடும்தான் தெரியுது. வேற ரூம் மாத்திக் குடுங்கன்னு கீழ போய்க் கேட்டேன். இங்க எந்த ரூம்ல இருந்தும் தெரியாதுன்னுட்டாங்க. நீங்க தெரியும்னு சொல்லாம இருந்திருந்தா அவ தேடியே இருக்க மாட்டாளுங்க.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ஹோட்டல்காரங்க கடைசி நேரத்துல மாத்திட்டாங்க போல சார், நான் கேக்குறேன்” என்றேன். எதையும் யாரும் மாற்றவில்லை. யாரிடமும் நான் கேட்கவும் இல்லை. மறுநாள் காலை, என் பேச்சை நம்பி, முன்கூட்டியே உள்ளே போகலாம் என்று அவர்கள் சீக்கிரம் எழுந்து கேட்டுக்குப் போனார்கள். அறை அட்டையைப் பார்த்துவிட்டு ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். மற்ற குடும்பங்கள் உள்ளே போவதைப் பாப்பா பார்த்துக்கொண்டே நின்றாளாம். இதை அவர் மனைவி ஊருக்கு வந்த பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவரிடமும் ஹோட்டல் மேல்தான் பழியைப் போட்டேன். நான் செய்ததில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். குழந்தையிடம் சொன்ன பொய்யை அந்த நேரத்து வாய்வீச்சு என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. சும்மா இருந்த ஒரு ஹோட்டலைக் குற்றவாளி ஆக்கியதற்கு அப்படி எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.

பிறகு என் தங்கை குடும்பத்தோடு என் காசில் போய் அங்கே ஒரு பார்ட்னர் ஹோட்டலில் தங்கினேன். இந்த ஹோட்டல்களுக்குள் போனால் அந்த உலகத்துக்குள்ளேயே இருப்பது போல் இருக்கிறதா என்று, விற்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

நான் போனபோது அங்கே ஒரு ஹோட்டல் சர்க்கஸைக் கதையாக வைத்திருந்தது. இன்னொன்று அரண்மனையை. மற்றொன்றின் நீச்சல்குளத்துக்குள் கடற்கொள்ளையர் கப்பலே நிற்கிறது. டிஸ்னியின் பாத்திரங்களை எடுத்தாள அவர்களுக்கு உரிமை கிடையாது. அதனால் டிஸ்னி கதைகளுக்குப் பக்கத்து வீடு போன்ற கதைகளாகத் தேடி எடுத்திருக்கிறார்கள். அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூங்காவில் நாள் முழுக்க வரிசையில் நின்று வந்த தங்கை பிள்ளைகள் குளத்தில் இறங்கி, சாப்பிடக் கூப்பிட்டாலும் ஏற மறுத்தார்கள். டிஸ்னி ஹோட்டல்களின் சாதாரண அறையில் நான்கு பேருக்குத்தான் இடம். தாத்தா பாட்டியோடு போகிற நம் குடும்பங்கள் இரண்டு அறை எடுக்க வேண்டும். இங்கே சில ஹோட்டல்களில் ஐந்தாறு பேர் ஒரே அறையில் தங்கலாம். வயதானவர்களைத் தனி அறையில் விடத் தயங்குகிற குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும்.

அந்த உணர்வு அறுந்துபோகிற இடம் ஹோட்டலுக்குள் இல்லை. வழியில் இருக்கிறது. இரவு வாணவேடிக்கை முடிந்ததும் கூட்டம் மொத்தமும் வாசலை நோக்கி நகரும். டிஸ்னி ஹோட்டல்களில் தங்குகிறவர்கள் பலர் ஏரியைச் சுற்றி நடந்தே போய்விடுவார்கள். கடைசியாகக் கேட்ட இசை காதில் இருக்கும்போதே ரூமுக்குப் போய்விடலாம். நாங்கள் ரயில் நிலையத்தை ஒட்டிய பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். முதல் பஸ் நிறைந்து போனது. குளிரில் அடுத்ததற்கு நின்றோம். எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை இளவரசி உடையின் மேல் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றபடியே தூங்கியது. அப்பா ஒரு கையில் மடக்கிய ஸ்ட்ரோலரையும் மறு கையில் பலூனையும் பிடித்திருந்தார். பஸ் வந்ததும் கதவருகே தள்ளுமுள்ளு. உள்ளே பளீரென்ற வெள்ளை விளக்கு. ரவுண்டானாவைச் சுற்றி, சாதாரணச் சாலையில், சாதாரண வீடுகளின் பக்கமாகப் போனோம். அந்தக் கொஞ்ச நேரப் பயணத்திலேயே பூங்கா முடிந்துபோயிருந்தது. நம் ஊர்க் கல்யாணத்தில் மண்டபத்து மாடியிலேயே தங்குவதற்கும், நாலு தெரு தள்ளி நல்ல லாட்ஜில் ரூம் போட்டுத் தங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. லாட்ஜ் ரூம் வசதியாகவே இருக்கலாம். விடியற்காலை நாதஸ்வரச் சத்தம் மட்டும் கேட்காது.

பூங்காவின் உணர்வு இப்படி வெளியே வந்ததும் அறுந்துபோவது வால்ட் டிஸ்னிக்கே பிரச்சினையாக இருந்திருக்கிறது. 1955-இல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் முதல் பூங்காவைத் திறந்தபோது ஹோட்டல் கட்ட அவரிடம் பணம் இல்லை. தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜாக் ராதரைக் கட்டச் சொன்னார். டிஸ்னிலாண்ட் ஹோட்டல் என்ற பெயரோடு அதே ஆண்டு திறந்த அந்த ஹோட்டல் டிஸ்னிக்குச் சொந்தமானது அல்ல. உலகத்தின் முதல் டிஸ்னி ஹோட்டலே, இன்றைய கணக்கில், ஒரு பார்ட்னர் ஹோட்டல்தான். ஆனால் 1961-இல் பூங்காவின் மோனோரயிலை அந்த ஹோட்டல் வரைக்கும் நீட்டினார்கள். தங்குகிறவர் பூங்காவின் வண்டியிலேயே ஏறிப் பூங்காவுக்குள் இறங்கலாம். வழியையும் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 1980-களின் இறுதியில்தான் டிஸ்னி அந்த ஹோட்டலை விலைக்கு வாங்கியது. அதற்கு வெகு முன்பே, வால்ட் இருந்தபோதே, பூங்காவைச் சுற்றி விண்வெளி, மந்திர விளக்கு, மந்திரக் கம்பளம் என்று பெயர் வைத்த மோட்டல்கள் நெருக்கியடித்து முளைத்தன. வெளியுலகம் கண்ணில் படக் கூடாது என்று பூங்காவைச் சுற்றி மண்மேடு எழுப்பியவருக்கு அது பொறுக்கவில்லை. ஃபுளோரிடாவில் 27,000 ஏக்கர் அளவுக்கு நிலம் வாங்கிப் போட்டதற்கு அனஹைமில் பட்ட பாடும் ஒரு காரணம். 1971-இல் அங்கே பூங்கா திறந்தபோது கன்டெம்பரரி ஹோட்டலின் நடுவயிற்றுக்குள் புகுந்து மோனோரயில் ஓடியது.

ஆகவே யார் ஹோட்டலுக்குச் சொந்தக்காரர் என்பதைவிட, இரவு எப்படித் திரும்பிப் போகிறோம் என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். டேவி கிராக்கெட் ராஞ்ச் டிஸ்னிக்கே சொந்தம். ஆனால் அது பூங்காவிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கிறது, பஸ் கிடையாது, கார் வேண்டும். பெயரில் டிஸ்னி இருந்தும் கார் வைத்திருக்காத நம் குடும்பத்துக்கு அது தோது இல்லை. வால் தெ பிரான்ஸில் இருக்கும் நல்ல ஹோட்டல் ஒன்று, பஸ்ஸுக்கு நிற்க வேண்டும் என்று தெரிந்தே வருகிறவருக்குப் போதும். அவர் குழந்தைக்குக் குளம் கிடைக்கும், காலையில் வயிறார டிபன் கிடைக்கும், மிஞ்சிய காசில் பூங்காவில் இன்னொரு நாளே இருக்கலாம். தெரியாமல் வருகிறவருக்கு அதே ஹோட்டல் ஏமாற்றம். என் வாடிக்கையாளர்களை அப்படித் தெரியாமல் வரவைத்தவள் நான். அவர்களின் விடுமுறையில் ஒரு பகுதியைக் கெடுத்தேன். தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஹோட்டல்களுக்கும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது என் கொட்டேஷனில் கோட்டைப் படம் இல்லை. ஹோட்டலின் படம்தான் இருக்கிறது. யார் நடத்துகிற ஹோட்டல், பஸ்ஸா நடையா, காலையில் முன்கூட்டியே விடுவார்களா மாட்டார்களா, ஜன்னலில் என்ன தெரியும் என்று எழுதுகிறேன். சிலர் படித்துவிட்டு வேறு ஏஜெண்டிடம் போகிறார்கள். திருப்பூர்க்காரருக்குப் போன் செய்து, ஹோட்டல்காரர்கள் எதையும் மாற்றவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க” என்றார். பாப்பாவிடம் பேசலாமா என்று கேட்டேன். அவளுக்குப் பரீட்சை என்று சொல்லிவிட்டார். மறுபடி கேட்க எனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

என்னிடம் வேலை பழகிய பெண்கள் இரண்டு பேர் இப்போது தனியாக ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். ஒருத்தியின் கொட்டேஷன் ஒரு வாடிக்கையாளர் மூலம் என் கைக்கு வந்தது. ‘டிஸ்னி தீம் ஹோட்டல், பூங்கா அருகில்’ என்று என் வரி அப்படியே இருந்தது. பக்கத்தில் அதே கோட்டைப் படம். அவளைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்கக்கா” என்றாள். ஆமாம் என்றேன். “அந்த வரியை எடுத்துட்டா அப்புறம் எப்படிக்கா விக்கறது?” என்று கேட்டாள். என் இப்போதைய கொட்டேஷனை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். பார்க்கிறேன் என்றாள். இன்னும் அவள் மாற்றவில்லை.