டெக்கான் க்வீனும் 166 பேரும்

தலைப்பைப் பார்த்து மும்பை–புனே ரயில் என்று நினைத்துவிட வேண்டாம். இது எங்க ஹைதராபாத் பஸ். ஆர்டிசி க்ராஸ் ரோட்ஸ் பக்கத்தில், முஷீராபாத்தில் பஸ் பவன் என்று போக்குவரத்துக் கழகத் தலைமை அலுவலகம் இருக்கிறது. 1932-ஆம் வருஷத்து ஆல்பியன் பஸ் ஒன்றைப் புதுப்பித்து அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வருகிற நம்ம ஜனங்கள் சார்மினார், பிரியாணி, ராமோஜி என்று சுற்றிவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். இதை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கதை ரயிலில்தான் ஆரம்பிக்கிறது. 1930-ல் நிஜாம் அரசு ரயில்வேயைத் தன் கைக்குக் கொண்டு வந்தது. இரண்டே வருஷத்தில் அதே ரயில்வே, பஸ் விடுவதற்கென்று தனியாக ஒரு பிரிவைத் தொடங்கியது. 1932 ஜூனில் 27 பஸ், 166 ஊழியர்கள். நம்ம சென்னையில் அரசு பஸ் ஓட ஆரம்பித்ததே 1947-ல் என்பதை நினைத்துப் பாருங்கள். (பஸ் நம்பரில் வரும் இஸட் எழுத்து நிஜாமின் தாயார் ஜஹ்ரா பேகம் நினைவாக வந்தது என்று இங்கே ஒரு கதை உண்டு. எனக்குப் பிடித்த கதை, அதனால் ஆராயப் போவதில்லை :-))

ஆல்பியன் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கம்பெனி. 1951-ல் அதை லேலண்ட் வாங்கிவிட்டது. அந்த லேலண்டோடு கூட்டு சேர்ந்துதான் நம்ம எண்ணூர் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. ஆக, இந்த டெக்கான் க்வீன் நாம் படியில் தொங்கிக்கொண்டு போன பஸ்களுக்கு ஒன்றுவிட்ட பெரியம்மா முறை.

பழைய பஸ்ஸைப் புதுப்பிப்பது பெயின்ட் அடிக்கிற வேலை இல்லை. அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து வருவது பெரும்பாலும் வெறும் சேஸிஸும் இன்ஜினும்தான். பாடியைத் தனியாகக் கட்டுவார்கள். மரச்சட்டம் போட்டு, மேலே தகடு அடிப்பார்கள். தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கும். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பது பெரிய தலைவலி. எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது பழைய பஸ்ஸா, பழைய பஸ் மாதிரி ஒரு புது பஸ்ஸா?

எனக்கு அந்த 166 பேர்தான் மனசில் நிற்கிறார்கள். பஸ்ஸுக்கு ஆறு பேர். கியர் மாற்ற ஒவ்வொரு தடவையும் கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும், கொஞ்சம் ஏமாந்தால் அது திருப்பி அடித்து மணிக்கட்டு போய்விடும். இதெல்லாம் தெரிந்த கைகள் போய்விட்டன. இந்த வண்டிக்காவது ஒரு இடம் கிடைத்தது. ஓய்வுபெற்ற பழைய டெப்போ ஆட்கள் இன்னும் இருக்கும்போதே, ஒரு டேப் ரெக்கார்டரோடு போய் யாராவது அவர்கள் பக்கத்தில் உட்காரக் கூடாதா?

என் அப்பா கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழக மெக்கானிக். வீட்டில் வேலையைப் பற்றிப் பேசியதே இல்லை, கிரீஸ் வாசனைதான் பேசும். பஸ் பவன் போட்டோக்களை அவருக்கு அனுப்பினேன். முன்பக்கம், பக்கவாட்டு, பெயர்ப்பலகை எல்லாம் அழகாக வந்திருந்தன. ராத்திரி போன் பண்ணினார்.

"எல்லாம் சரி தம்பி. குனிஞ்சு அடியில ஒண்ணு எடுக்கலையா? ஸ்பிரிங் கட்டையப் பாக்கணும்."