கட்டுவதா, அசைப்பதா?

பிப்ரவரி 3

காலையில் ஒரு கொடிக்காலுக்குப் போயிருந்தேன். வெற்றிலை கிள்ளும் அம்மா ஒருவருக்கு வலது தோளில் வலி. "கையத் தூக்கும்போது பாதியில சுருக்குனு புடிக்குது கண்ணு. அதத் தாண்டி மேல போயிட்டா ஒண்ணும் தெரியல" என்றார். பிசியோதெரபி செய்கிறவளுக்கு இந்தப் பேச்சே பாதி பரிசோதனை. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏறத்தாழ 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரை மட்டும் வலித்தால், தோளின் உச்சி எலும்புக்குக் கீழுள்ள இடுக்கில் ஒரு தசைநாண் உரசி நசுங்குகிறதா என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அந்தத் தசையின் பெயர் சுப்ராஸ்பைனேட்டஸ். தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு மேற்கை எலும்பின் தலையைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளில் ஒன்று. நான்கையும் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்கிறோம். பொம்மிடி, கடத்தூர் பக்கத்துக் கொடிக்கால்களில் நாளெல்லாம் கையை உயர்த்தியபடியே கிள்ளுகிறார்கள். அந்தத் தசைநாண் நொந்துபோவதில் வியப்பில்லை. ஏணியில் இன்னும் ஒரு படி ஏறி, முழங்கை தோள்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி நின்று கிள்ளச் சொன்னேன். முதுகுப் பக்கத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தேன். தைலம் தேய்ப்பது ஒரு பொழுதுக்கு இதம் தரும். வேலை செய்யும் விதத்தை மாற்றாமல் இந்த வலி போகாது.

பிப்ரவரி 8

தோள் மட்டும் ஏன் இப்படி எளிதில் கெடுகிறது என்று அந்த அம்மாவின் மகள் கேட்டாள். இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லும் குழவியும் போல. ஆழமான குழிக்குள்ளேயே சுழலும். தோள் மூட்டு அம்மியும் குழவியும். விருப்பப்படி ஓடும், விளிம்பு தாண்டினால் நழுவும். மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் எந்த நேரத்திலும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மற்றபடி அதை இடத்தில் நிறுத்தி வைப்பவை குழியின் விளிம்பைச் சுற்றிய குருத்தெலும்பு வளையம், மூட்டைப் போர்த்திய சவ்வுறை, அந்த நான்கு தசைகள்.

கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்கும் 180 டிகிரியில், பந்து மூட்டின் பங்கு ஏறத்தாழ 120. மிச்சம் 60 டிகிரி, தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் சறுக்கித் திரும்புவதால் கிடைக்கிறது. கையின் எலும்புகளை நெஞ்சுக்கூட்டோடு இணைப்பது காறை எலும்பு ஒன்றுதான். அதனால்தான் வண்டியிலிருந்து தோள் இடிபட விழுந்தால் அடி அதன் நடுவில் இறங்கி முறிக்கிறது. பெரும்பாலும் தூளிக்கட்டிலேயே கூடிவிடும்.

பிப்ரவரி 15

பக்கத்து ஊரில் கபடி. ரைடு போன பையனின் கையைப் பின்பக்கமாக முறுக்கி இழுத்ததில் தோள் இறங்கிவிட்டது. தோளின் உருண்டை மறைந்து சதுரமாகத் தெரிந்தது. "ரெண்டு பேரு புடிச்சு இழுத்தா உக்காந்துரும்" என்று கூட்டம் கிளம்பியது. வேண்டாம் என்று தடுத்தேன்.

நழுவும் தோள்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முன்பக்கமாகவே நழுவுகின்றன. டெல்டாய்டு தசையை இயக்கும் நரம்பு அந்த மூட்டுக்கு அடியிலேயே சுற்றிச் செல்கிறது. கூடவே எலும்பும் முறிந்திருந்தால், எக்ஸ்ரே பார்க்காமல் இழுப்பவர் முறிவைப் பெரிதாக்குவார். நழுவிய தோளை ஏற்றும் அறிவு நமக்குப் புதிதல்ல. அக்குளில் உலக்கையைக் கொடுத்து உயர்த்தி, பிறகு குறுக்காகக் கட்டும் முறையைச் சுசுருத சம்ஹிதை சொல்கிறது. கிரேக்கத்து ஹிப்போகிரட்டீஸ் மரபு நூல்களிலும் இதை ஒத்த முறைகள் உண்டு. இன்று அதே வேலையை வலி மறக்க மருந்து கொடுத்து, தசை தளர்ந்த பிறகு, மெதுவாகச் செய்கிறார்கள். பையனுக்கும் அப்படித்தான் ஏற்றினார்கள். இவனுக்குக் கட்டு வேண்டும். சில வாரம் அசைக்கவே கூடாது. இளவயதில் ஒருமுறை நழுவிய தோள் மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம். தசை வலுவாகும்வரை களம் இறங்காதே என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 22

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். நெடுநாள் சர்க்கரை நோய். தோள் வலிக்கு யாரோ சொன்னதைக் கேட்டு, மாதக்கணக்கில் கையைத் தூளியிலேயே வைத்திருந்தார். இப்போது சட்டை போட மனைவி வேண்டும். நான் பிடித்துத் திருப்பினாலும் கை வெளிப்பக்கம் திரும்பவில்லை.

தசைநாண் கிழிந்தவருக்குத் தானாகத் தூக்க வராது, ஆனால் அடுத்தவர் தூக்கிவிட்டால் கை ஏறும். இவருக்கு இரண்டும் இல்லை. மூட்டின் சவ்வுறையே தடித்துச் சுருங்கிவிட்டது. உறைதோள் என்கிறோம். பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் காட்மன் 1934இல் இதற்கு அந்தப் பெயரை வைத்தார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. தானே தளர ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு வரை ஆகலாம். முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல வட்டமாக ஆட்டும் பயிற்சி காட்மன் பெயரால்தான் அறியப்படுகிறது. அதையே தொடங்கினோம். கபடிப் பையனுக்கு மருந்தான கட்டு இவருக்குக் கேடாகியிருக்கிறது.

மார்ச் 4

புளி உலுக்கும் காலம். இன்று பார்த்த சிறுவன் போன வருடம் இதே பருவத்தில் மரத்திலிருந்து விழுந்தவன். கையூன்றி விழுந்ததில் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அடிக்கடி முறியும் இடம் அது. வீட்டார் கட்டு போடுகிற ஒருவரிடம் கொண்டுபோய், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டவைத்தார்கள். இரவெல்லாம் பிள்ளை அழுதிருக்கிறான். முறிந்த வலி என்று தேற்றினார்கள். இப்போது மணிக்கட்டும் விரல்களும் உள்பக்கமாக மடங்கியே நிற்கின்றன.

ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் 1881இல் விளக்கிய கேடு இது. முறிந்த இடத்துக்கு முன்னாலேயே கையின் பெரிய தமனி ஓடுகிறது. வீக்கமும் இறுகிய கட்டும் சேர்ந்து இரத்த ஓட்டத்தை நெருக்கினால், ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் முன்கைத் தசை சாகத் தொடங்கும். செத்த தசை தழும்பாகிச் சுருங்கும். மூங்கில் பத்தையானாலும் மருத்துவமனை மாவுக்கட்டானாலும் இறுகினால் இதே கதிதான். பயிற்சியால் கொஞ்சம் மீட்கலாம். அறுவை சிகிச்சையால் இன்னும் கொஞ்சம். பழைய கை திரும்பாது. அவன் இடக்கையால் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறான். அன்றிரவு அந்தக் கட்டைத் தளர்த்தியிருந்தால் இந்தக் கை பிழைத்திருக்கக்கூடும் என்ற நினைப்பைத் தாங்க முடியவில்லை.

மார்ச் 10

இரண்டு நரம்புகள், இரண்டு கதைகள். கட்டில் விளிம்பில் கையைத் தொங்கவிட்டு அயர்ந்து தூங்கிய லாரி ஓட்டுநருக்கு, விழித்தபோது மணிக்கட்டு தொங்கிவிட்டது. மேற்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டிச் சுற்றும் ஆரை நரம்பு அழுந்தியதால் வந்தது. பக்கவாதம் என்று வீடே கலங்கியிருந்தது. முகமும் காலும் பேச்சும் நன்றாக இருந்தன. மருத்துவரும் பார்த்து உறுதி செய்தார். இது பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும்.

மற்றவர் பைக் விபத்தில் சிக்கியவர். தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டு, கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னலே அறுந்திருக்கிறது. எலும்பு முறியவில்லை என்று வீட்டோடு இருந்துவிட்டார். நரம்பை ஒட்டும் அறுவை சிகிச்சைக்கு முதல் ஆறு மாதமே நல்ல காலம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரம்புக்கு உட்பட்டு, கட்டணமின்றிக் கிடைக்கிறது. விபத்துக்குப் பின் கை அசையவில்லை என்றால் அன்றே போக வேண்டும்.

மார்ச் 16

எல்லாத் தோள் வலிக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதுதான் நம் ஊரில் கைகளைக் கெடுக்கிறது. நழுவியதற்கும் முறிந்ததற்கும் கட்டு, உறைந்ததற்கு அசைவு, உரசியதற்கு வேலை மாற்றமும் பயிற்சியும். எது எது என்று பரிசோதித்துச் சொல்லும் வரை யாரும் இழுக்கவும் வேண்டாம், இறுக்கவும் வேண்டாம்.

பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டை யார் போட்டாலும் சரி, முதல் இரவு மணிக்கொருமுறை விரல்களைப் பாருங்கள். விரல் வெளுத்தாலோ, குளிர்ந்தாலோ, மரத்தாலோ, மெல்ல நீட்டிவிடும்போது பிள்ளை அலறினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். கட்டைத் தளர்த்தி, அந்த நேரமே 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எலும்பை இன்னொரு நாள் சேர்த்துக்கொள்ளலாம். செத்த தசையை யாராலும் மீட்க முடியாது.