கயிற்றைப் பிடித்து நிற்பவன்



மல்யுத்தத்தைப் பற்றி எழுதுவேன் என்று நானே எண்ணியதில்லை. தொலைக்காட்சியில் அந்நிகழ்ச்சி வந்தாலே அலைவரிசையை மாற்றிவிடும் வழக்கமுடையவள் நான். ஆயினும், என் பணிக்காலத்தில் நான் இழைத்த ஒரு தவற்றை எனக்கு உணர்த்தியது ஒரு மல்யுத்த வீரரின் வாழ்க்கைதான். அதை மறைக்காமல் எழுதிவிடுவதே நேர்மை.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். பெருந்தொற்றுக்குப் பின் ஜோகூரில் பள்ளிகள் புதிய கல்வியாண்டைத் தொடங்கியிருந்தன. என் நான்காம் ஆண்டு வகுப்பில் இணைபிரியாத இரு மாணவர்கள் இருந்தனர். ஒருவன் நெட்டை, மற்றவன் குட்டை. நெட்டையனின் தந்தை லாரி ஓட்டுநர். குட்டையனின் தந்தை சிங்கப்பூரில் வேலை செய்பவர். எல்லை மூடப்பட்டதால் நெடுநாள் வீடு திரும்ப இயலாமல் அங்கேயே தங்கிவிட்டவர். இயங்கலை வகுப்புகள் நடந்த காலத்தில் இரு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கைப்பேசிதான்! குட்டையனின் தாயாருடைய அந்தக் கைப்பேசியின் முன் இருவரும் தோளோடு தோள் உரசி அமர்ந்திருப்பார்கள். நெட்டையனுக்கு வாசிப்பு வராது. குட்டையன் மெல்லிய குரலில் வாசித்துக் காட்டுவான், இவன் கேட்டுக்கொள்வான்.

மே மாதத்தில் ஒரு நாள். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையின் பின்புறப் புல்வெளியில் ஒரே கூச்சல். ஓடிச்சென்று பார்த்தேன். நெட்டையன் குட்டையனைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே போட்டிருக்கிறான். மணிக்கட்டு எலும்பில் விரிசல். தூக்கச் சொன்னவன் குட்டையனேதான் என்பது பின்னர் தெரிய வந்தது. அன்று நான் எதையும் விசாரிக்கவில்லை. நெட்டையனை அடுத்த வகுப்பிற்கு மாற்றுமாறு கேட்டுக்கொண்டேன். மறு வாரமே அவன் மாற்றப்பட்டான். வகுப்பில் அமைதி திரும்பியதாக எண்ணி மகிழ்ந்தேன்.

செப்டம்பரில், ‘என் மனங்கவர்ந்த விளையாட்டாளர்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். அதற்கு முந்திய மாதம்தான் ஆரோன் சியாவும் சோ வூய் இக்கும் தோக்கியோவில் இரட்டையர் பிரிவில் வென்று, மலேசியாவுக்கு முதல் உலகப் பூப்பந்து வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றுத் தந்திருந்தனர். ஆகவே பலரும் அவர்களைப் பற்றியே எழுதினர். குட்டையன் மட்டும் வீர் மகான் என்னும் மல்யுத்த வீரரைப் பற்றி எழுதியிருந்தான். இரண்டு பக்கங்கள்! ஐந்து வரிகளைத் தாண்டாத பிள்ளை அவன். கட்டுரையின் இறுதியில் ஒரு கேள்வி இருந்தது. “டீச்சர், வீரும் சங்காவும் ஒரே டீம்தானே? ஏன் அவங்களைப் பிரிச்சாங்க?”

அந்தக் கேள்விக்கு விடை தேடியே அவ்வீரரின் வரலாற்றைப் படித்தேன்.

அவருடைய இயற்பெயர் ரிங்கு சிங். உத்தரப் பிரதேசத்தின் பதோகி மாவட்டத்தில், 1988இல் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளுள் ஒருவர். ஒற்றை அறை வீடு. தந்தை லாரி ஓட்டுநர். (இவ்வரியைப் படித்தபோது நெட்டையனின் முகம் என் கண்முன் வந்து நின்றது.) ஈட்டி எறிந்து பழகிய கை அவருடையது. 2008இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற பெயரில், மிக வேகமாகப் பந்தெறிபவரைக் கண்டறியும் போட்டி இந்தியாவில் நடைபெற்றது. பேஸ்பால் ஆட்டத்தையே அறியாத அந்த இளைஞர், 37,000க்கும் மேற்பட்ட போட்டியாளர்களை முந்திக்கொண்டு மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து வென்றார். அதே ஆண்டு அவரும் தினேஷ் பட்டேலும் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியில் ஒப்பந்தமாயினர். அமெரிக்காவின் பெரும் பேஸ்பால் அணியொன்றில் ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் இவ்விருவரே. 2014இல் இக்கதை திரைப்படமாகவும் வந்தது; இசை நம் ஏ.ஆர். ரகுமான்.

திரைப்படம் வெற்றியோடு முடிந்தது. வாழ்க்கை அவ்வாறு முடியவில்லை. தினேஷ் 2010இல் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். உடன் வந்தவர் போன பின்பும் ரிங்கு அங்கேயே நின்று போராடினார். கையில் ஏற்பட்ட காயங்கள் அவரை முடக்கின. முதன்மைப் பிரிவில் ஒருமுறைகூட அவர் ஆடவில்லை.

2018இல் மல்யுத்தத்திற்கு வந்தார். அங்கே வாய்த்த இணைதான் சவ்ரவ் குர்ஜர். இவரை நீங்களும் அறிவீர்கள்! 2013இல் விஜய் தொலைக்காட்சியில் தமிழில் ஒளியேறிய மகாபாரதத் தொடரில் பீமனாக நடித்தவர் இவரே. இருவரும் ‘இண்டஸ் ஷேர்’ என்ற பெயரில் இரட்டையர் போட்டிகளில் இறங்கினர். பிறகு நிறுவனம் அவர்களைப் பிரித்தது. ‘வீர் மகான் வருகிறார்’ என்று மாதக்கணக்கில் விளம்பரம் செய்து, 2022 ஏப்ரலில் வீரைத் தனியாளாகக் களமிறக்கியது. சங்கா என்ற பெயரில் சவ்ரவ் வேறொரு பிரிவில் இருந்தார்.

இரட்டையர் மல்யுத்தத்தின் விதியை நான் அப்போதுதான் அறிந்தேன். களத்துக்குள் ஒருவரே நின்று போரிட வேண்டும். இணையர் களத்தின் விளிம்பில், சிறு கயிற்றைக் கையில் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் அடிபட்டுத் தவழ்ந்து வந்தாலும், கையோடு கை தொட்டால்தான் மற்றவர் உள்ளே நுழையலாம். வெளியே நிற்பவர் சும்மா நிற்பதாகவே தோன்றும். ஆனால், உள்ளே இருப்பவர் எழுவது அந்த நீட்டிய கையை நம்பித்தான்.

என் வகுப்பில் கயிற்றைப் பிடித்து நின்றவன் குட்டையன். அவனை நெட்டையனிடமிருந்து அப்புறப்படுத்தியவள் நான்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இணைக்கற்றல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேர்ச்சி பெற்றவள்தான். கண்ணெதிரே அது நிகழ்ந்தபோது அடையாளம் காணத் தவறினேன். அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் விசாரித்தேன். நெட்டையன் மூன்று மாதங்களாக வீட்டுப்பாடம் அனுப்பவில்லையாம். பின்வரிசையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கிறானாம். குட்டையனின் தாயாரைச் சந்தித்துத் தயங்கித் தயங்கிப் பேச்சைத் தொடங்கினேன். அவர் சொன்னார்: “நான் பிரிக்கச் சொல்லவே இல்லையே டீச்சர். அவன் தெனமும் நம்ம வீட்டுலதானே சாப்பிடுறான்.”

அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

தலைமையாசிரியரிடம் என் முடிவு தவறென்று ஒப்புக்கொண்டேன். அடுத்த கல்வியாண்டில் இருவரும் மீண்டும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். வியப்பு என்னவென்றால், 2022இன் இறுதியில் வீரும் சங்காவும்கூட மீண்டும் இணைந்துவிட்டனர்! செய்தி சொன்னவன் குட்டையன்தான். 2023 செப்டம்பரில் அவர்கள் ஐதராபாத்தில், சொந்த நாட்டு மக்களின் முன்னிலையில், இரட்டையர் போட்டியில் களமிறங்கித் தோற்றனர். 2024 ஏப்ரலில் இருவரையும் நிறுவனம் ஒரே நாளில் விடுவித்தது. பட்டம் கிட்டவில்லை, ஆனால் உள்ளே வந்தபோதும் வெளியே சென்றபோதும் இருவராகவே இருந்தனர்.

இதில் மாயம் ஏதுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெட்டையன் முதல் மாணவனாகிவிடவில்லை. எழுத்துக்கூட்டி, பிறகு சொல் சொல்லாக, ஆறாம் ஆண்டில் ஒரு பத்தியைத் தானே வாசிக்கும் நிலைக்கு வந்தான். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

பெற்றோருக்கு ஒன்று. இந்தப் போட்டிகளில் யார் வெல்வது என்பது முன்னரே தீர்மானிக்கப்படுவது. விழுவதோ மெய்யாக விழுவதுதான். அதற்காகவே பல ஆண்டுகள் பயிற்சி பெறுகிறார்கள். பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்து இதை விளக்குங்கள். அன்றே நான் விளக்கியிருந்தால் ஒரு மணிக்கட்டு தப்பியிருக்கும். ஆசிரியர்களுக்கும் ஒன்று. குறும்பு செய்யும் இருவரைப் பிரிப்பது நமக்கு எளிது. பிரிக்கும் முன், அவர்களுள் யார் யாருடைய கையை நம்பி எழுகிறான் என்று ஒரு நாளாவது கவனியுங்கள்.

2025இல் இருவரும் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றனர். குட்டையன் படிவம் ஒன்றுக்கு. நெட்டையன் புகுமுக வகுப்புக்கு. மீண்டும் வெவ்வேறு வகுப்பு. இம்முறை பிரித்தது நானல்லேன். அவ்வாண்டின் நடுவில் மளிகைக் கடையில் குட்டையனைக் கண்டேன். இப்போது அவன் குட்டையனே அல்லன்! நண்பன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

“அடுத்த வருஷம் அவனும் படிவம் ஒன்னுக்கு வந்துருவான் டீச்சர். என் நோட்டு எல்லாம் அவனுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்.”