செடோனா: எக்ஸெல் ஷீட்டில் விட்டுப்போன ஒரு கட்டம்!

ஃபேமிலி டூர் போறதுன்னா உங்க வீட்டுல யார் பிளான் போடுவாங்க? எங்க வீட்டுல நான்தான். மூணாவது வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் படிக்கிற பொண்ணு வீட்டுல இருந்தா, செட்டாப் பாக்ஸ் ரிப்பேர்ல ஆரம்பிச்சு அமெரிக்க டூர் வரைக்கும் எல்லாம் அவ தலையிலதானே விழும்!

அண்ணன் அரிசோனாவுல எம்.எஸ். படிச்சிட்டு, அங்கேயே சாண்ட்லர்ங்கிற ஊர்ல சிப் டிசைன் வேலையில இருக்கான். விசா சிக்கல்ல நாலு வருஷமா ஊருக்கு வர முடியல. அப்பத்தா இறந்தப்பகூட வீடியோ கால்லதான் நின்னான். 'அவன் வரலைன்னா என்ன, நாம போவோம்'னு அம்மா ஒரே போடா போட்டாங்க. 2025 ஜூன்ல, என் செமஸ்டர் லீவுல, கரூர்ல இருந்து கிளம்பிட்டோம். அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் ஃப்ளைட்.

'எங்க போலாம்?'னு அண்ணன் கேட்டான். அம்மாவுக்கு 'உன் வீட்டுல உக்காந்து உனக்கு ஆக்கிப் போட்டாப் போதும்'. அப்பாவுக்கு 'ரோடு நல்லா இருக்கிற ஊரா இருந்தாச் சரி'. அவர் ரிட்டயர்டு கவர்மென்ட் பஸ் டிரைவர். முப்பது வருஷ சர்வீஸ். எனக்கு மட்டும் பாலைவனத்துக்கு நடுவுல செக்கச்செவேல்னு நிக்கிற பாறைங்க மேல ஒரு கண்ணு. கடைசியில ஜெயிச்சது செடோனா!

துருப்பிடிச்ச மலை!

சாண்ட்லர்ல இருந்து செடோனா சுமார் 220 கிலோமீட்டர். பீனிக்ஸ் நகரத்தைத் தாண்டி 17-ம் நம்பர் ஹைவேல வடக்கே ஏறணும். முதல்ல ரெண்டு பக்கமும் ஆள் கை தூக்கி நிக்கிற மாதிரி சகுவாரோ கள்ளிங்க. ரோடு ஏற ஏற அதுங்க காணாமப்போய் புல்வெளி வருது. பீனிக்ஸ் கடல் மட்டத்துல இருந்து 330 மீட்டர்தான். செடோனா 1,300 மீட்டருக்கு மேல. நம்ம ஏற்காட்டைவிடக் கொஞ்சம்தான் கம்மி. கடைசியா ஒரு வளைவு திரும்பினதும்... அம்மா பேசிட்டிருந்த பேச்சை நிறுத்திட்டாங்க. எங்க வீட்டுல அது எவ்வளவு பெரிய சம்பவம்னு எங்களுக்குத்தான் தெரியும்!

வானத்தைத் தொடுற மாதிரி சிவப்புச் சுவர்கள். சுமார் 28 கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்கே கடற்கரையும் மணல்மேடுமா இருந்துச்சாம். அந்த மணல் இறுகிப் பாறையாச்சு. ஒவ்வொரு மணல் துகள் மேலயும் இரும்பு ஆக்ஸைடு மெல்லிசா படிஞ்சிருக்கு. அந்தச் சிவப்பு அதுதான். நான் பெருமையா விளக்கி முடிச்சதும் அப்பா சொன்னார்: 'அட, துருவுங்கிற! எங்க டிப்போ பின்னாடி நிக்கிற பஸ்ஸெல்லாம் இந்தக் கலர்தான் கண்ணு.' நான் கெமிஸ்ட்ரி லேப்ல ஒரு வருஷம் படிச்சதை ஒரே வரியில முடிச்சிட்டாரு!

ஊர்ப்பேருக்கு ஒரு கதை இருக்கு. 1902-ல இங்கே போஸ்ட் ஆபீஸ் வந்தப்ப, முதல் போஸ்ட் மாஸ்டர் ஷ்னெப்ளி எழுதி அனுப்பின பேருங்க எல்லாம் முத்திரைக் கட்டையில அடங்காத நீளம். கடைசியில அவர் மனைவி பேரையே வெச்சிட்டாங்க. செடோனா! ஆனா, அதுக்கு ரொம்ப முன்னாடியே இது யாவபாய், அப்பாச்சி மக்களோட மண். 1875-ல குளிர்காலத்துல அவங்களை ராணுவம் விரட்டி, சுமார் 290 கிலோமீட்டர் நடக்க வெச்சு சான் கார்லோஸுக்குக் கொண்டுபோச்சு. வழியிலயே பலர் செத்துப் போனாங்க. அவங்களுக்கும் முன்னாடி சினாகுவா மக்கள். ஹைவேல இருந்து கொஞ்சம் உள்ளே போனா, சுண்ணாம்புப் பாறைச் சரிவுல அவங்க கட்டின 20 அறை வீடு இன்னும் நிக்குது. 'மான்டெசுமா கோட்டை'ன்னு போர்டு. அது கோட்டையும் இல்ல, மான்டெசுமாவுக்கும் அதுக்கும் சம்பந்தமும் இல்ல! 'தண்ணி இருக்கிற ஆத்தோரமாப் பாத்துத்தான் கட்டியிருக்காங்க, வெவரமானவங்க'ன்னாங்க அம்மா. அந்த வார்த்தையை அப்பவே நான் காதுல போட்டிருக்கணும்.

நான் போட்ட மாஸ்டர் பிளான்!

என் எக்ஸெல் ஷீட்டைப் பார்த்து அண்ணனே மிரண்டுட்டான். மணிவாரியா வரிசை, பதினொரு காலம். பார்க்கிங், டிக்கெட், தூரம், சூரியன் மறையுற நேரம், போட்டோவுக்கு எந்தப் பக்கம் வெளிச்சம்... எல்லாம் உண்டு. செடோனாவுல வார இறுதி ரூம் வாடகை தலை சுத்த வெச்சதால, 30 கிலோமீட்டர் தள்ளி காட்டன்வுட்ல ரூம். பக்கா பட்ஜெட்!

சனிக்கிழமை ஹைலைட், கதீட்ரல் ராக். கோயில் கோபுரம் மாதிரியே நிக்கிற பாறை. ஏறுற பாதை ஒரு பக்கம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். மனுஷன் மணிக்கு நாலு கிலோமீட்டர் நடப்பான். அப்ப 17 நிமிஷம். ரவுண்டா 20-னு போட்டுட்டேன். அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ள 200 மீட்டருக்கு மேல செங்குத்தா ஏறணும்னு இன்னொரு காலம்ல நானே எழுதி வெச்சிருந்தேன். ரெண்டு கட்டத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோணல!

வெயில்? 'இன்னிக்கு 97 டிகிரியாம்'னேன். அப்பா சிரிச்சார். 'சதம்கூட அடிக்கல. கரூர் பரமத்திக்காரங்க கிட்ட வந்து 97-ங்கிற!'

அங்கேதான் மாட்டிக்கிட்டோம். நம்ம ஊர் வெயில்ல சட்டை நனையும். வேர்க்குதுன்னு தெரியும், தண்ணி தேடுவோம். இந்தப் பாலைவனக் காத்து அவ்வளவு வறட்சி. வேர்வை வெளிய வந்த வேகத்துல ஆவியாயிடுது. சட்டை காய்ஞ்சே இருக்கு. உடம்புல இருந்து தண்ணி போறது நமக்கே தெரியாது!

அந்த அரை மணி நேரம்

ஏழு மணிக்கு ஏறணும்னு ஷீட் சொல்லுச்சு. காபி, டிபன், அம்மா பொறுமையா புளிசாதம் கட்டினதுன்னு எல்லாம் முடிச்சு, காரை ஊரோரப் பார்க்கிங்ல விட்டு, இலவச ஷட்டில் பஸ் புடிச்சு அடிவாரம் போறப்ப மணி பத்து. (ஷட்டில் ஓடுற நாள்ல அங்கே கார் பார்க்கிங் மூடியிருக்கும்.) பஸ்ல அப்பா டிரைவருக்குப் பின்னாடி சீட்ல உக்காந்து கியர் மாத்துற அழகை ரசிச்சிட்டே வந்தார். 'ஆட்டோமேட்டிக்குப்பா'ன்னு அண்ணன் சொன்னதும் முகத்துல ஒரு சின்ன ஏமாற்றம்.

அம்மா பாதியில 'எனக்கு முட்டி ஒத்துழைக்காது, நீங்க போய்ட்டு வாங்க'ன்னு ஒரு ஜூனிபர் மர நிழல்ல உக்காந்துட்டாங்க. நாங்க மூணு பேரும் ஏறினோம். அடுத்து பாறை வெடிப்புல கையை ஊன்றி ஏறுற இடம். திரும்பிப் பார்த்தா அப்பா நின்னுட்டிருக்கார். முகம் பாறை கலர்ல இருக்கு. உதடு வெள்ளையா வறண்டு போச்சு. 'என்னமோ பண்ணுது சாமி'ன்னு சொல்லிட்டு அப்படியே உக்காந்துட்டார்.

நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு, அம்மா இருந்த நிழலுக்கு இறக்கிட்டு வந்தோம். அப்பா பையில அவர் பாட்டிலை எடுத்தா... சீல்கூட உடைக்கல. காலையில இருந்து ஒரு சொட்டு குடிக்கல. அதுவும் பிரஷருக்கு நீர் மாத்திரை போடுற மனுஷன்!

இறங்கி வந்துட்டிருந்த வயசான அமெரிக்கத் தம்பதி நின்னாங்க. கேள்வி எதுவும் கேட்காம, அந்தம்மா பையில இருந்து நம்ம ஊர் ஓ.ஆர்.எஸ். மாதிரி ஒரு பாக்கெட்டைப் பிரிச்சுத் தண்ணியில கலக்கிக் கொடுத்தாங்க. அவர் தன் தொப்பியை நனைச்சு அப்பா தலையில வெச்சார். 'மடமடன்னு வேணாம், கொஞ்சம் கொஞ்சமா'ன்னு கையாலயே காட்டினாங்க. அண்ணன் 911-ஐ டயல் பண்ணத் தயாரா போனைக் கையில வெச்சிருந்தான். கை நடுங்குச்சு. அரை மணி நேரத்துக்கு அப்புறம்தான் அப்பா முகத்துக்கு உயிர் வந்துச்சு. அந்த அரை மணி நேரமும் அவங்க ரெண்டு பேரும் கூடவே இருந்தாங்க.

அப்பா தெளிஞ்சதும் அண்ணன் வெடிச்சான். 'ஏப்பா தண்ணி குடிக்கல? சின்னப் புள்ளையா நீங்க?'

அப்பா எங்க முகத்தைப் பார்க்காம சொன்னார்: 'முப்பது வருசம் ஸ்டியரிங் புடிச்சவன் சாமி. ட்ரிப்ல தண்ணி குடிச்சா எங்க நிறுத்துறது? அம்பது பேரை உக்கார வெச்சுட்டு ஓரம் கட்ட முடியுமா? அப்படியே பழகிப்போச்சு. இங்க வேற எங்க போறதுன்னே தெரியல. பெத்த புள்ளைங்ககிட்ட அதைப் போயி எப்படிக் கேக்குறது...'

யாரும் பேசல. அப்ப அம்மா மெதுவா சொன்னாங்க. 'நான் மட்டும் குடிச்சேன்னா நெனைக்கிறீங்க? பொம்பளைங்க எந்தப் பயணத்துல குடிச்சிருக்கோம்? என்னைய யாரு கேட்டீங்க?'

பதினொரு காலம் போட்டேன் ஃப்ரெண்ட்ஸ். பாத்ரூம் எங்கேன்னு ஒரு காலம் போடல. அண்ணனுக்கும் தோணல. காலேஜ் டூர்ல பஸ் எங்கே நிக்கும்னு விசாரிச்சிட்டுத்தான் பாட்டிலைத் திறக்கிற பொண்ணு நான். எனக்கே தோணலைங்கிறதுதான் ராத்திரி பூரா உறுத்துச்சு.

பன்னிரண்டாவது காலம்

அன்னிக்கு ராத்திரி காட்டன்வுட் ரூம்ல நானும் அண்ணனும் லேப்டாப்போட உக்காந்தோம். ஞாயிற்றுக்கிழமை பிளான்ல இருந்த ஏழு இடத்துல அஞ்சை அழிச்சோம். மிச்சமிருந்த ரெண்டுக்கும் புதுசா ஒரு காலம் சேர்த்தோம்: பாத்ரூம் எங்கே? 'பாப்பா, இதையே முதல் காலமா வெச்சுடு'ன்னான் அண்ணன்.

காலையில எட்டு மணிக்கே கிரசன்ட் மூன் பிக்னிக் இடத்துக்குப் போயிட்டோம். ஓக் கிரீக்னு ஒரு ஓடை. வருஷம் பூரா தண்ணி ஓடுது. கரையில மரங்க, மேஜை பெஞ்சு, பாத்ரூம். வந்ததும் முதல் வேலையா நானே அப்பாவைக் கூட்டிட்டுப் போய் அதைக் காட்டினேன். ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா அப்புறம் அப்பா ஒரு பாட்டில் தண்ணியை முழுசா குடிச்சார்!

ஓடைக்கு எதிர்ல, முந்தின நாள் நாங்க தோத்துட்டு வந்த அதே கதீட்ரல் ராக், தண்ணியில தலைகீழா. செடோனா போட்டோன்னு உலகமே பார்க்கிறது பெரும்பாலும் இந்த இடத்துல இருந்துதான். ஏறிப் பார்த்தா பாறை தெரியாது, எட்ட நின்னு பார்த்தாத்தான் தெரியுதுன்னு எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது.

அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சு ஓடையில காலை வெச்சாங்க. 'ஐயோ, ஐஸு!'ன்னு ஒரு கத்து. அப்புறம் மூணு மணி நேரம் எழுந்திரிக்கவே இல்ல. தயிர்சாதம், ஊர்ல இருந்து கொண்டுவந்த நார்த்தங்கா ஊறுகாய். அண்ணன் அம்மா பக்கத்துல உக்காந்து, அப்பத்தாவோட கடைசி நாள் எப்படி இருந்துச்சுன்னு ஒவ்வொண்ணா கேட்டான். நாலு வருஷமா போன்ல கேட்காத கேள்விங்க. என் ஒரிஜினல் பிளான்படி அந்த நேரத்துக்கு நாங்க நாலாவது வியூ பாயின்ட்ல செல்ஃபி எடுத்துட்டிருந்திருப்போம்.

அங்கே 'வோர்டெக்ஸ்'னு சொல்றாங்க, பூமியில இருந்து சக்தி சுழன்று மேல வர்ற இடங்களாம். கதீட்ரல் ராக்கும் அதுல ஒண்ணு. அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது, 1980-கள்ல பிரபலமான நம்பிக்கை. அம்மாகிட்ட சொன்னேன். 'பழனி மலையில இல்லாத சக்தியா?'ன்னு கேட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு, 'ஆனா மனசு லேசா இருக்கு கண்ணு'ன்னாங்க.

திரும்புறப்ப முன் சீட்ல அப்பா. ஒரு மணி நேரம் ஓடினதும் அவரே வாயைத் திறந்தார். 'தம்பி, அடுத்த ரெஸ்ட் ஏரியாவுல ஓரம் கட்டு.' முப்பது வருஷத்துல முதல்முறையா அவருக்காக ஒரு வண்டி நின்னுச்சு!

நீங்க பிளான் போடுறீங்களா? இதைக் கவனிங்க!

* ஏப்ரல், மே மாசமும் அக்டோபரும் பெஸ்ட். ஜூன்ல போனா, ஏறுறதை காலை ஏழுக்குள்ள ஆரம்பிச்சு ஒன்பதரைக்குள்ள முடிச்சுடுங்க. பீனிக்ஸ்ல தங்கினா இன்னும் உஷார். 2023-ல அங்கே தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரிக்குக் குறையவே இல்ல!

* பெரியவங்களோட பிரஷர், சுகர் மாத்திரைங்களை டாக்டர்கிட்ட காட்டி, வறண்ட வெயில்ல எவ்வளவு தண்ணி குடிக்கணும்னு கேட்டுட்டுப் போங்க. ஊர்ல இருந்தே பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பையில இருக்கட்டும்.

* கதீட்ரல் ராக்ல பெரியவங்களை ஏத்தாதீங்க. கிட்டப் போய்ப் பார்க்கணும்னா பெல் ராக் அடிவாரப் பாதை, அதிக ஏற்றம் இல்லாதது. பாறைகளுக்கு நடுவுல 1956-ல கட்டின ஹோலி கிராஸ் சர்ச்சும் பார்க்கலாம்.

* நாங்க போனப்ப காரை நிறுத்த 'ரெட் ராக் பாஸ்' ஒரு நாளைக்கு 5 டாலர். கிரசன்ட் மூன்ல அது செல்லாது, தனிக் கட்டணம்.

* பக்கத்துல கிராண்ட் கேன்யனும் சேர்த்துப் பார்க்கிற ஐடியாவா? 2026 ஜனவரி 1-ல இருந்து, அமெரிக்காவுல வசிக்காத 16 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு அங்கே ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். அப்பா, அம்மா, நீங்கன்னு மூணு பேர் போனாலே 300 டாலர். பட்ஜெட்ல முதல்லயே எழுதிக்கோங்க.

* எல்லாத்துக்கும் மேல, பாத்ரூம் காலம்! பெரியவங்க கேட்க மாட்டாங்க. நாமதான் சொல்லணும்.