கேண்டிடேட்ஸில் குகேஷ்

உலகச் செஸ் சம்பியனோடு யார் மோதுறது என்று எப்படி முடிவாகுது? ராத்தாட மகன் கேட்டான். 2024 ஏப்ரல், ரொறன்ரோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியைச் சொன்னேன். உலகக் கிண்ணம், கிராண்ட் சுவிஸ் என்று பல வழியால வந்த 8 பேர், 14 சுற்று. முதலாமிடத்துக்கு மட்டும்தான் வாய்ப்பு.

சென்னைப் பிள்ளை குகேஷுக்கு அப்ப 17 வயசு. 7ஆம் சுற்றில் நேரம் நெருக்கி அலிரேசாவிடம் தோற்றார். எனக்கு அதுக்குப் பிறகு நடந்ததுதான் பெரிசு: மிச்சம் 7 ஆட்டத்தில் ஒன்றிலும் தோற்கல்ல. கடைசி நாள் நகமுராவோடு சமநிலை. மற்ற ஆட்டத்தில் மோதின கருவானா, நெப்போம்னியாச்சியில் ஒருத்தர் வென்றிருந்தாலும் டைபிரேக்தான். அவங்களும் சமநிலை. 9 புள்ளியோட குகேஷ் முதலிடம். டிசம்பரில் சிங்கப்பூரில் அப்ப உலகச் சம்பியனா இருந்த டிங் லிரனையும் வென்று சம்பியன்!

கல்முனைப் பக்கம் பிள்ளைகளுக்குச் செஸ் படிச்சுக்கொடுக்கிற ஆசிரியர்கள் இருந்தா கொமெண்டில் சொல்லுங்க. ராத்தாட மகனச் சேர்க்கணும்.